ஒயர் கூடையில் வந்த கரண்ட்

மகளுக்கு ஒன்பதாம் மாதம் வளையல் அடுக்கி, கையோடு வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று வந்திருந்த லூர்துமேரியிடம் சம்மந்தியம்மா பிலோமினா நல்லவிதமாகத்தான் அதைச் சொன்னாள். நல்லவிதமாகச் சொன்னதால்தான் அது சுருக்கென்று தைத்தது. கெட்டவிதமாகச் சொல்லியிருந்தால் லூர்துமேரிக்குப் பதில் சொல்லத் தெரியும்.

"பிரசவத்துக்கு அம்மா வீடு, அது முறை. நான் மறுக்கலை அண்ணி. ஆனா ஆஸ்பத்திரியிலேருந்து குழந்தையை நேரா இங்க கொண்டாந்துடலாமே? அக்னி நட்சத்திரத்துல பொறக்கப் போகுது. உங்க பக்கம் கரண்டே இருக்கிறதில்லைன்னு பேசிக்கிறாங்க. பச்சைப்புள்ள தாங்குமா?"

குவார்ட்டர்ஸ் கூடத்தில் அத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே மின்விசிறி ஐந்தாம் எண்ணில் சுழன்றது. நடுவில் நாற்காலியில் இருந்த கிறிஸ்டினா, இரண்டு கையிலும் வளையலும் கன்னத்தில் சந்தனமுமாக, அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

லூர்துமேரி வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"அதெல்லாம் எங்க வூட்ல இன்வெர்ட்டர் போட்டாச்சிங்க."

வாசல் பக்கம் ஆண்களோடு உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் கிறிஸ்துதாசுக்குப் புரையேறிவிட்டது. யாரோ தலையில் தட்டினார்கள். சம்மந்தி சைமன்ராஜ் எட்டிப் பார்த்து, "அப்படியா? என்ன கெப்பாசிட்டி போட்டிருக்கீங்க?" என்று ஆவலாகக் கேட்டார். பவர் ஹவுஸில் முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டராக இருப்பவர், கேட்காமல் இருப்பாரா?

"பெருசுதாங்க," என்றாள் லூர்துமேரி.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம், ஏப்ரல் மாதம். ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சம்மந்தி வீடு இருக்கிற சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் கரண்ட் போவது என்பது பெயருக்குக்கூட இல்லை. சாலை விளக்குகள் விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும். அதே டவுன்ஷிப்பை ஒட்டிக்கொண்டிருக்கிற, லூர்துமேரி குடியிருக்கிற மந்தாரக்குப்பத்தில் ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. சில நாள் இருக்கிற மணியையும் பிடுங்கிக்கொள்ளும். கிறிஸ்துதாஸ் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை அடியில் குனிந்து அள்ளித் திரும்ப மேலே போடுகிற வேலை. அவர் அள்ளிப் போட்ட கரி பவர் ஹவுஸுக்குப் போய், கரண்டாகி, அவர் வீட்டுக் கூரைக்கு மேலே போகிற பெரிய கம்பி வழியாக எந்தெந்த ஊருக்கோ போயிற்று. அவர் வீட்டில் மட்டும் இறங்கவில்லை. லூர்துமேரியும் டவுன்ஷிப்பில்தான் கான்ட்ராக்டில் ரோடு கூட்டினாள். சம்மந்தி வீடு இருக்கிற பிளாக்கை மட்டும் தனக்குப் போடவேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தாள். கிறிஸ்டினாவும் பிராங்க்ளினும் கோயில் பாட்டுக் குழுவில் பாடிப் பழகி, பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டவர்கள். பெர்மனென்ட் வீட்டுப் பையன், கான்ட்ராக்ட் வீட்டுப் பெண். சம்மந்திகள் ஒரு நாளும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனாலேயே லூர்துமேரி அந்த வீட்டில் உட்காரும்போது நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள்.

பஸ்ஸில் மகளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு கிறிஸ்துதாஸ் ஆரம்பித்தார்.

"இன்னாத்துக்கு மேரி அப்படி ஒரு பொய்யி?"

"பொய்யா? புள்ள பொறக்க இன்னும் ஒரு மாசம் இருக்குதில்ல? அதுக்குள்ள போட்டுட்டா அது எப்படிப் பொய்யாவும்?"

"பெருசுன்னு வேற சொல்லிட்ட."

"பெருசாவே போடுவோம். அந்தம்மா வந்து அண்ணாந்து பாக்கணும், மேல ஃபேனு சுத்தணும். ஒண்ணுத்துக்கு ரெண்டா சுத்தணும்."

கிறிஸ்டினா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். வளையல் எல்லாம் சேர்ந்து சிரித்தது.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. இன்வெர்ட்டர் என்று வாயைத் திறந்தால் போதும், மந்தாரக்குப்பத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கிறிஸ்துதாசோடு பெல்ட்டடியில் வேலை பார்க்கிற சடையப்பன், "எதுக்குண்ணே கடையில வாங்கிகினு? பழைய லாரி பேட்டரி ஒண்ணு, பண்ருட்டியில சொல்லி ஒரு பொட்டி செஞ்சிகினு வந்தேன். ராஜா மாதிரி ஓடுது. வந்து பாரு," என்று கூப்பிட்டான்.

புருஷனும் பெண்சாதியும் போய்ப் பார்த்தார்கள். ராஜா வீட்டுக்குள் இல்லை, கொல்லையில் முருங்கைமரத்தடியில் இருந்தார். சுவிட்சைப் போட்டதும் நூறு வண்டு ஒன்றாகச் சேர்ந்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே டியூப்லைட் கண்ணடித்தது. விசிறி மனசில்லாமல் திரும்பியது. அழுகின முட்டை நாற்றம் ஒன்று மெல்ல வந்து சூழ்ந்தது.

"இன்னா சடையப்பா இது, நாத்தம்?"

"சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் அப்படித்தாண்ணே. பழகிடும்."

"எனக்குப் பழகல," என்று அடுப்படியிலிருந்து சடையப்பன் பெண்சாதி சின்னம்மாள் குரல் கொடுத்தாள். "அது உள்ள இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு சொன்னேன். அதான் முருங்கமரத்தடிக்குப் போச்சி. எக்கா, சொல்றத கேளு, வடலூர்ல பஸ் ஸ்டாண்டுகிட்ட புஷ்பவல்லின்னு ஒரு அம்மா பேட்டரிக் கட வச்சிருக்குது. வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனா ஏமாத்தாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே வடலூருக்குப் பஸ் ஏறினார்கள். வெயில் தார் ரோட்டில் தண்ணீர் மாதிரி நின்றது. கடை வாசலில் ஏழெட்டு பேட்டரி வரிசையாகச் சிவப்பும் கறுப்புமாகக் கிளிப் மாட்டிக்கொண்டு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை, சட்டை முழுக்க ஆசிட் தெறித்துப் பொத்தல் பொத்தலாக, ஒரு டிராக்டர் பேட்டரியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னா வேணும்?"

"பேட்டரிங்க. இன்வெர்ட்டருக்கு," என்றார் கிறிஸ்துதாஸ்.

"இருக்கறதுலயே பெருசு," என்றாள் லூர்துமேரி.

புஷ்பவல்லி நிமிர்ந்தாள். "எதுக்கு?"

"வூட்டுக்குத்தான்."

"வூட்டுக்குன்னா வூடா ஓடப் போவுது? இன்னா இன்னா ஓடணும், அத்தச் சொல்லு."

லூர்துமேரி விரல் விட்டாள். "ரெண்டு சீலிங் ஃபேனு. ரெண்டு டியூப்லைட்டு. டிவி. மிக்சி."

"யாருக்காவ இதெல்லாம்?"

"பொண்ணு புள்ள பெத்துகினு வருது. குழந்தைக்கு."

"குழந்த மிக்சியில இன்னா அரைக்கப் போவுது?"

கிறிஸ்துதாஸ் சிரித்துவிட்டார். லூர்துமேரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு நின்றது.

புஷ்பவல்லி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டாள். "உக்காரும்மா. கோவிச்சிக்காத. உங்க ஊர்ல கரண்ட் எப்படி வருது?"

"ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது."

"அதாவது பாதி நாளு. சரி. பேட்டரின்னா அது கரண்ட செய்யற மிஷினு இல்ல. தண்ணித்தொட்டி மாதிரி. குழாயில வரும்போது புடிச்சி வச்சாத்தான் வராதப்போ மொண்டு ஊத்தலாம். நீ கேக்கற பெரிய தொட்டிய நான் குடுத்துடுவேன். நீ ரெண்டு ஃபேனு, லைட்டு, டிவின்னு வாளி வாளியா மொண்டுகினே இருப்ப. வர்ற ஒரு மணி நேரத்துல அது ரொம்புமா?"

"ரொம்பாதா?"

"எங்க ரொம்பறது! கால் தொட்டி ஏறும், முக்கா தொட்டி எறங்கும். எப்பப் பாத்தாலும் அரை வயிறு. அரை வயித்தோட கெடக்கற பேட்டரி உள்ள உப்பு பூத்து ஒரு வருஷத்துல செத்துப்போவும். இந்தா பாரு," என்று மூலையில் அடுக்கியிருந்த பெரிய பெரிய பேட்டரிகளைக் காட்டினாள். "எல்லாம் போன வருஷம் பெருசு வேணும்னு வாங்கினு போனவங்களுது."

லூர்துமேரி அந்த மூலையைப் பார்த்தாள். பார்க்காதது போலவும் இருந்தாள்.

"வூடு எத்தினி ரூமு?"

"ஒத்தை ரூமுதாங்க. பக்கத்துல சமையக்கட்டு," என்றார் கிறிஸ்துதாஸ்.

"அப்போ இன்னொண்ணு. தண்ணி ஊத்தற பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஆவி விடும். பெரிய வூடுன்னா தனியா ஒரு பக்கமா வைக்கலாம். ஒத்தை ரூம்ல பச்ச ஒடம்பு பக்கத்துல அத்த வைக்கக்கூடாது." உள்ளே போய், சுவிசேஷப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தாள். "இது மூடின பேட்டரி. தண்ணி ஊத்த வேணாம், ஆவி கெடையாது. இதுகூட இந்த ஃபேனு. பேட்டரியிலயே நேரா ஓடறது, சீலிங் ஃபேன் தின்றதுல நாலுல ஒரு பங்குதான் தின்னும். ஒரு சின்ன எல்இடி லைட்டு. சார்ஜர். அவ்ளோதான். ஃபேனு மட்டும் போட்டா ஒரு ராத்திரி, ஒரு பகல் பொழுது தாங்கும். வர்ற ஒரு மணி ஒரு மணி நேரத்துலயே ரொம்பிக்கும்."

லூர்துமேரி அந்த விசிறியைப் பார்த்தாள். முறம் அளவுக்குக்கூட இல்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிற டேபிள் ஃபேன். இதையா பிலோமினா அண்ணாந்து பார்ப்பாள்? குனிந்தல்லவா பார்க்க வேண்டும்?

"எனக்குப் பெருசுதான் வேணும்."

"நான் விக்கமாட்டேன். பக்கத்துல கண்ணாடி போட்ட கட இருக்குது. அங்க விப்பாங்க, போ."

லூர்துமேரி விடுவிடென்று எழுந்து போய்விட்டாள். கிறிஸ்துதாஸ் போகவில்லை. வெயிலில் ஸ்டூலில் உட்கார்ந்து, புஷ்பவல்லி தந்த தண்ணீரைக் குடித்தார்.

கண்ணாடிக் கடை குளுகுளுவென்று இருந்தது. டை கட்டிய ஆள் 'மேடம்' என்று கூப்பிட்டு, முழங்கால் உயரத்துக்கு இருந்த பேட்டரியைக் காட்டி, "எல்லாமே ஓடும் மேடம்," என்றான். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. பணத்தை எடுக்க மடியில் கையை வைத்தவள், என்ன தோன்றியதோ, "இதுல ஆவி வருமா?" என்று கேட்டாள்.

"லேசா வரும் மேடம். ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்க."

அவள் வீட்டில் இருப்பது ஒரே ஜன்னல். அதன் கீழேதான் கட்டில். கட்டிலுக்கு மேலேதான் தூளி கட்ட வளையம்.

திரும்பி வந்தபோது அவள் முகம் கருங்கல் மாதிரி இருந்தது. "அந்தச் சின்னதையே குடு," என்றாள். புஷ்பவல்லி ஒயர் ஒயராக எடுத்து, எதை எதில் செருக வேண்டும் என்று அவளிடமே செய்து காட்டினாள். "சேப்பு சேப்போட, கறுப்பு கறுப்போட. மாத்திடாத. ஒனக்கு வந்தா ஒம் புருஷனுக்கு நீயே சொல்லிக் குடுப்ப."

பஸ்ஸில் லூர்துமேரி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். பேட்டரி மட்டும் அவள் மடியில் இருந்தது. கீழே வைக்கச் சொன்னதற்கு, "குலுங்கிடும்," என்றாள்.

ஒரு வாரம் அதை எடுத்துப் பார்க்கவுமில்லை. கிறிஸ்டினாதான் ஒருநாள் மத்தியானம், கரண்ட் போன நேரம் பார்த்து, "எம்மா, ஒத்திகை பாக்கலாமா?" என்றாள். குழந்தைக்கு எங்கே போவது? பண்ருட்டிச் சந்தையிலிருந்து கிறிஸ்துதாஸ் வாங்கி வந்த பலாப்பழம் மூலையில் இருந்தது. சின்னதுதான், மூன்று மூன்றரைக் கிலோ. பழைய புடவையில் தூளி கட்டி, பலாப்பழத்தைத் துணியில் சுற்றி உள்ளே கிடத்தினார்கள். முள் குத்தாமல் இருக்க கிறிஸ்டினா அதற்கு ஒரு பனியனும் போட்டுவிட்டாள். லூர்துமேரி சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் செருகினாள்.

விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. தூளிப் புடவை மெல்ல அசைந்தது. லூர்துமேரி கையை நீட்டிப் பார்த்தாள், கன்னத்தை நீட்டிப் பார்த்தாள். கட்டிலில் மகள் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். காற்று இருந்தது. குழந்தைக்கு இதற்கு மேல் அடித்தால் மூச்சு முட்டும் என்று தோன்றியது. அம்மாவும் மகளும் அப்படியே தூங்கிப்போனார்கள். ஷிப்ட் முடிந்து கரிப்புழுதியோடு வந்த கிறிஸ்துதாஸ், வீடெல்லாம் பலாவாசனை அடிக்க, பனியன் போட்ட பழம் தூளியில் ஆட, இருவரும் தூங்குவதைப் பார்த்து, வாசலிலேயே நின்று, "இன்னாடி இது, பேரப்புள்ள முள்ளும் மசுருமா பொறந்திருக்குது!" என்று கத்தினார். அன்றைக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர்களெல்லாம் வந்து அந்தக் குழந்தையைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மே மாதம் பதினோராம் தேதி நிஜக் குழந்தை பிறந்தது. பெண். தலை நிறைய முடி. பிராங்க்ளின் வேலை பார்க்கிற சென்னையிலிருந்து ஓடிவந்து, இரண்டு நாள் இருந்து, லீவு முடிந்து போனான். நான்காம் நாள் மந்தாரக்குப்பத்துக்குக் கொண்டுவந்தார்கள். லூர்துமேரி வேலைக்குப் பதினைந்து நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அம்மியில் மருந்து அரைத்தாள். கடலூர்த் துறைமுகத்து மீன் வருகிற நாளில் பால்சுறா வாங்கிப் புட்டு செய்தாள். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு வைத்தாள். கரண்ட் வந்தது, போனது, வந்தது. போகும்போதெல்லாம் சின்ன விசிறி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. குழந்தை அதன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கியது. இதெல்லாம் சம்மந்திகளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த அன்று அவர்கள் இருந்த ஒரு மணி நேரமும் நல்லவேளையாகக் கரண்ட் இருந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. என்ன காற்று, என்ன இடி! தெருவே வெளியே வந்து நனைந்தது. கிறிஸ்துதாஸ் சட்டையைக் கழற்றிவிட்டு, முதுகில் ஒட்டியிருந்த கரி கரைந்து ஓட, கூரைத் தண்ணீரில் நின்றார். அந்த மகிழ்ச்சியில் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இடி விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டப்பென்று ஒரு நீல வெளிச்சம். அவ்வளவுதான். காலையில்தான் விஷயம் தெரிந்தது. டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டது, வேறு வரவேண்டும், மூன்று நாளாவது ஆகும்.

மழை விட்ட பிறகு புழுக்கம் இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி இருந்தது. விசிறி இரவு முழுக்க ஓடியது. காலையிலும் ஓடியது. மத்தியானம் சோறு வடிக்கிற நேரத்தில் சுற்று ஒவ்வொன்றாக எண்ணலாம் போலக் குறைந்து, தலையை ஒரு பக்கம் திருப்பியபடி நின்றுவிட்டது.

லூர்துமேரி பனைவிசிறியை எடுத்தாள். வலது கை வலித்தால் இடது கை. இடது கை வலித்தால் கிறிஸ்டினா. விசிறி ஒரு நொடி நின்றால் குழந்தை வீலென்றது. கழுத்து மடிப்பில் சிவப்பாகப் பொரிந்திருந்தது. கிறிஸ்துதாஸ் பகல் ஷிப்ட் போயிருந்தார். மூன்று மணி வாக்கில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

சைமன்ராஜும் பிலோமினாவும் உள்ளே வந்தார்கள். பிலோமினா நேராகக் குழந்தையிடம் போனாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். மேலே சீலிங் ஃபேன் செத்துத் தொங்கியது.

"இன்வெர்ட்டர் ஓடலையா அண்ணி?"

லூர்துமேரியின் கையில் பனைவிசிறி இருந்தது. இதற்கு மேல் அந்தப் பொய்யையும் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை.

"அன்னிக்குச் சொன்னப்போ போடலைங்க. வாயில வந்துடுச்சி, சொல்லிட்டேன். சொல்லிட்டேனேன்னு அப்புறம்தான் வாங்கினேன். பெருசும் இல்ல. இந்தா, இதான்." காலால் அந்தக் கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். "இத்தினி நாளு நல்லா ஓடிச்சி. டிரான்ஸ்பார்மர் எரிஞ்சிபோச்சிங்க. இன்னும் ரெண்டு மூணு நாளு ஆவுமாம். நீங்க அன்னிக்கே சொன்னீங்க. கூட்டிக்கினு போங்க. புள்ளைக்கு ஒண்ணு ஆவக்கூடாது."

சொல்லிவிட்டு, விசிறியை மகளிடம் கொடுத்து, மூலையில் போய்க் குழந்தைத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த துணிகள். கிறிஸ்டினா, "எம்மா," என்றாள். பிலோமினாவுக்குத் தான் கேட்டது கிடைத்தபோது அது கையில் வாங்கச் சங்கடமாக இருந்தது.

சைமன்ராஜ் மட்டும் பேச்சைக் கவனிக்கவில்லை. அவர் தரையில் குந்தி, பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு எழுத்தைப் படித்தார். ஒயரைத் தொட்டார். ஒரு கையால் தூக்கினார்.

"இவ்வளவுதான் வெயிட்டா?"

ஃபேனைத் திருப்பி அதன் அடியையும் படித்தார்.

"சீல்டு பேட்டரி. டிசி ஃபேன். லோடு இருவது வாட்டு இருக்குமா? அடடா! யாரு இதை செலக்ட் பண்ணுனது?"

"நாந்தாங்க. கடைக்காரம்மா சொல்லிச்சி," என்றாள் லூர்துமேரி துணியைப் பார்த்தபடி.

"சரியா செலக்ட் பண்ணிருக்கீங்க. நான்னா பெருசு வாங்கிருப்பேன்." எழுந்தார். "பிலோ, பத்து நாள் குழந்தையை இந்த வெயில்ல எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்? இதைத் தூக்கிட்டுப் போறேன். நம்ம வீட்டுல போட்டு ஏத்தி எடுத்தாந்துடறேன்."

"இது ஏற எட்டு ஒம்பது மணி நேரம் ஆவுங்க. அதுவரைக்கும்?" என்றாள் லூர்துமேரி.

"அதுவரைக்கும் இன்னொண்ணு. கடை எங்க இருக்கு?"

"வடலூரு, பஸ் ஸ்டாண்டுகிட்ட. வாய் நீளம், பாத்துக்குங்க."

பிலோமினா புருஷனைப் பார்த்தாள். பிறகு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிறிஸ்டினா கையிலிருந்த பனைவிசிறியை வாங்கினாள். "நீங்க மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. போய்ச் சாப்பிடுங்க அண்ணி. கிறிஸ்டினா, நீயும் போ. நான் வீசறேன்."

லூர்துமேரி அடுப்படியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுறாப்புட்டு வாசனைக்கு அங்கிருந்தே பிலோமினா, "எனக்கும் ரெண்டு வாய் வைங்க," என்று சொன்னாள். ஒரு கையால் விசிறிக்கொண்டே மறுகையால் சாப்பிட்டாள். எங்கே வாங்குகிறீர்கள், எப்படி வேகவைப்பீர்கள், பூண்டு எவ்வளவு என்று கேட்டாள். கடல் இல்லாத லால்குடிப் பக்கத்தில் பிறந்தவள். சுறாவை மீன்கடைத் தட்டில்தான் பார்த்திருந்தாள். பேச்சு சுறாவிலிருந்து அவரவர் பிரசவத்துக்குப் போய், அங்கிருந்து புருஷன்களின் குறட்டைக்கு வந்தது. உட்கார்ந்த இடம் பாய். யாரும் எதன் நுனியிலும் உட்காரவில்லை.

ஐந்தரைக்கு ஸ்கூட்டர் வந்தது. முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு ஒயர் கூடை, அதற்குள் துண்டு போட்டு மூடிப் புதுப் பேட்டரி. சைமன்ராஜின் சட்டையெல்லாம் வியர்வை.

"அந்தம்மா என்னை வறுத்தெடுத்துடுச்சு!" என்றார் சந்தோஷமாக. "பவர் ஹவுஸ்ல வேலை செய்யறேன்னு தெரியாம சொல்லிட்டேன். ஒவ்வொண்ணா கேள்வி கேட்டு, பாதிக்கு எனக்குப் பதில் தெரியலை. ஃபுல் சார்ஜ் பண்ணதைத்தான் குடுத்திருக்கு."

சிவப்பைச் சிவப்போடு செருகினார். விசிறி சுற்றியதும் கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றார். "முப்பத்தொரு வருஷமா மீட்டர் முள்ளைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கரண்டைக் கையில தூக்கினது இன்னிக்குத்தான்."

அதிலிருந்து காலை ஒன்று, மாலை ஒன்று. காலி பேட்டரி டவுன்ஷிப்புக்குப் போகும், நிறைந்த பேட்டரி மந்தாரக்குப்பத்துக்கு வரும். கூடையில் பேட்டரிக்குப் பக்கத்தில் பிலோமினா ஏதாவது வைத்து அனுப்புவாள். பொன்னி அரிசிக் கஞ்சி, வறுத்த பூண்டு, ஒரு தடவை தானே முயன்று கொஞ்சம் தீய்ந்துபோன சுறாப்புட்டு. திரும்பும் கூடையில் லூர்துமேரி பலாச்சுளை வைப்பாள். தெருவில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா சார், கரண்ட் வருதா?" என்று சடையப்பன் ரோட்டிலிருந்தே கேட்பான். "வருது வருது," என்று சைமன்ராஜ் கூடையைத் தட்டிக் காட்டுவார். கிறிஸ்துதாஸ் ஷிப்ட் முடிந்து வந்து, காலி பேட்டரியைத் துடைத்து, கூடையில் தயாராக வைப்பார். "என் கரி, உங்க பவர் ஹவுஸு, உங்க ஸ்கூட்டரு. பெரிய கம்பி வழியா வராதது இப்படி வருது சம்மந்தி," என்றார் ஒருநாள். இருவரும் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான்காம் நாள் சாயங்காலம், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், கரண்ட் வந்துவிட்டது. தெருவே ஓவென்று கத்தியது. சீலிங் ஃபேன் தூசியை உதறிக்கொண்டு சுற்றியது. கிறிஸ்டினா கட்டிலில் கையைத் தட்டினாள். கிறிஸ்துதாஸ் ரேடியோவைப் போட்டார்.

அதே நேரம் தெருமுனையில் அந்த ஸ்கூட்டர் சத்தம்.

லூர்துமேரி ஜன்னல் வழியே பார்த்தாள். சைமன்ராஜ் மேடு பள்ளம் பார்த்து மெல்ல வந்துகொண்டிருந்தார். ஒரு கை ஹேண்டிலில், இன்னொரு கை குழந்தையைப் பிடித்த மாதிரி கூடை மேல். இன்று சலவைச் சட்டை போட்டிருந்தார். பின்னால் பிலோமினாவும் இருந்தாள், மடியில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு.

"ரேடியோவ நிறுத்துய்யா," என்றாள் லூர்துமேரி.

"எதுக்கு மேரி?"

அவள் கதவுக்குப் பின்னால் போனாள். மெயின் சுவிட்சைப் பிடித்து டக்கென்று கீழே இழுத்தாள். விளக்கு அணைந்தது. கிறிஸ்துதாஸ் வாயைப் பிளந்தார். கிறிஸ்டினாவுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

சைமன்ராஜ் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "இன்னுமா வரலை?"

"எங்கங்க வருது," என்றாள் லூர்துமேரி. "உங்களுக்காகத்தான் காத்துகினு இருக்கோம். புள்ள பாருங்க, எப்படி வேர்த்து கெடக்குது."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் சீரியல் பாட்டு பெரிதாக அலறியது. எதிர்வீட்டுக் குழல்விளக்கு பளிச்சென்று ஜன்னலில் விழுந்தது. சைமன்ராஜ் அண்ணாந்தார். சீலிங் ஃபேன் இன்னும் முழுதாக நிற்கவில்லை. கடைசிச் சுற்றை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் லூர்துமேரியைப் பார்த்தார். அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்தாள்.

"பக்கத்து வீட்டுல இன்வெர்ட்டர் போட்டிருக்காங்களோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க. பெருசு."

"ம்ம்," என்றார் சைமன்ராஜ். தரையில் குந்தினார். துண்டை விலக்கி, பேட்டரியை வெளியே எடுத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சிவப்பைச் சிவப்போடு நிதானமாகச் செருக ஆரம்பித்தார். பிலோமினா தூக்குப் பாத்திரத்தோடு அடுப்படிக்குப் போனாள். "அண்ணி, இந்தத் தடவை தீயலை," என்று அங்கிருந்து குரல் வந்தது.